பற்று, வரவு, பனிவண்டி

சைக்கிள் கேரியரில் நிரம்பின கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பாலம் ஏறியிருக்கிறீர்களா? ஏறியிருந்தால் இந்த வாரச் சமாச்சாரத்தில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சிலிண்டரும் கேஸுமாகக் கிட்டத்தட்ட 30 கிலோ. அத்தனையும் பின் சக்கரத்தின் தலையில். எழுந்து நின்று ஒரு மிதி மிதித்தால் முன் சக்கரம் தரையை விட்டு நைஸாகக் கிளம்பும். ஹேண்டில்பார் உங்கள் கையில்தான் இருக்கும். ஆனால் அதற்கும் ரோட்டுக்கும் பேச்சுவார்த்தை முறிந்திருக்கும்.

மாட்டு வண்டிக்காரர்கள் இதற்கு இரண்டே வார்த்தைகள் வைத்திருக்கிறார்கள். முன்பாரம், பின்பாரம். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே போகும். இறங்கிப் போய் இரண்டு மூட்டையை ஒரு முழம் முன்னே தள்ளி வைப்பார்கள். விவகாரம் தீர்ந்தது. செலவு: ஒரு பீடி.

இந்த ஒரு முழ வித்தையை, மைனஸ் 25 டிகிரி குளிரில், கனடாவில் ஒரு ஷெட்டுக்குள் என் அத்தை மகன் கற்றுக்கொண்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நானும் மச்சானும் ஒரே காலேஜில் பி.காம். நான் பத்திரிகைக்கு எழுத வந்தேன். அவன் கனடாவுக்குக் கணக்கு எழுதப் போனான். இரண்டில் எது லாபம் என்று இரண்டு வீட்டு அப்பாக்களும் தீபாவளிக்குத் தீபாவளி விவாதிப்பார்கள். (தீர்ப்பு இதுவரை எனக்குச் சாதகமாக வந்ததில்லை.)

அவன் இருப்பது ஒன்டாரியோ மாகாணத்தில் சட்பரி என்கிற ஊர். நிக்கல் சுரங்க ஊர். ஊர் எல்லைக்குள்ளேயே 300-க்கு மேல் ஏரிகள். 1951-ம் வருடத்து ஐந்து சென்ட் காசை 9 மீட்டர் உயரத்துக்குப் பெரிசாக்கி அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1964-ல் வைத்தது. ஐந்து காசுக்கு முப்பதடியில் சிலை வைத்த ஊரில் போய்க் காசைத் தண்ணீராகச் செலவழிப்பது நியாயமா, சொல்லுங்கள்.

குளிர்காலத்தில் அந்த ஏரிகள் உறைந்துவிடும். மேலே பனி விழும். அதற்கு மேலே ஸ்னோமொபைல் ஓடும்.

பார்க்காதவர்களுக்கு: மோட்டார் சைக்கிள் மாதிரி ஏறி உட்கார வேண்டும். ஹேண்டில்பார் உண்டு. ஆனால் சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், அதாவது ஸ்கீ. பின்னால், சீட்டுக்கு அடியில், அகலமான ரப்பர் பட்டை ஒன்று புல்டோசர் சங்கிலி மாதிரி சுற்றும். கியர் கிடையாது. ஆக்டிவா ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த அதே பெல்ட் சமாச்சாரம்தான், அண்ணன் சைஸில். பட்டை தள்ளும், ஸ்கீ திருப்பும். இந்த வேலைப் பங்கீட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வருவது அங்கேதான்.

இதை உல்லாசத்துக்காகப் பிறந்த வண்டி என்று நினைத்தால் தப்பு. கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்ற சின்ன ஊர். அங்கே ஜோசஃப் அர்மான்ட் பொம்பார்டியர் என்கிற மெக்கானிக், 1907-ல் பிறந்தவர், பனியில் ஓடுகிற வண்டி ஒன்றைச் செய்ய மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயதுப் பிள்ளைக்கு வயிற்றுக்குள் சீழ் வைத்துவிட்டது. ரோடெல்லாம் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பிள்ளை போய்விட்டது. 1937-ல் பல்சக்கரம் வைத்துப் பட்டையைச் சுற்றும் அமைப்புக்கு அவர் பேட்டன்ட் வாங்கினார். முதலில் செய்ததெல்லாம் ஏழெட்டுப் பேர் ஏறுகிற பெரிய வண்டிகள். ஒருவர், இருவர் ஏறும் சின்ன வண்டி 1959-ல்தான் வந்தது. அதற்கு முதலில் ‘ஸ்கீ-டாக்’ என்று பெயர் யோசித்ததாகவும், எழுத்துப் பிழையில் அது ‘ஸ்கீ-டூ’ ஆகிவிட்டதாகவும் சொல்வார்கள். நாய் போய் டூ வந்தது. பிசினஸுக்கு நல்லதுதான்.

* * *

நம்ம ஆள் வாங்கியது செகண்ட்ஹேண்ட். இரண்டு பேர் உட்காரும் நீள சீட். எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்பதெல்லாம் வேண்டாம். விற்ற ஆசாமி ரொம்ப அவசரமாக விற்றார் என்பது போதும்.

இரண்டாவது வாரம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

“மாப்ளே, இது முன்னாடி தூக்குதுடா.”

“நல்லதுதானே, ஹீரோ மாதிரி இருக்குமே?”

“ஹீரோவா? வளைவுல த்ராட்டிலை அழுத்தினேன். ரெண்டு ஸ்கீயும் மேல போயிடுச்சு. நான் ஹேண்டில்பாரைத் திருப்பறேன், வண்டி நேராப் போகுது. எதிரே மரம். நல்லவேளை, கையை எடுத்தேன். மூக்கு இறங்கிச்சு, திரும்பிச்சு. மரத்துப் பட்டை வாசனை இன்னும் மூக்குல இருக்கு.”

அங்கெல்லாம் ஸ்னோமொபைலுக்கென்றே பாதைகள் உண்டு. ஒன்டாரியோவில் அந்தப் பாதைகளில் சட்டப்படி மணிக்கு 50 கிலோமீட்டர்தான். 50-ல் போனாலும் மரம் மரம்தான். அது நகர்ந்து வழி விடுவதில்லை.

(‘ஸ்கீ லிஃப்ட்’ என்றால் மலை மேலே ஆட்களைத் தூக்கிப்போகும் கம்பி நாற்காலிக்கும் அதே பெயர். அது தூக்கினால் டிக்கெட். இது தூக்கினால் ஆம்புலன்ஸ்.)

வீட்டில் தங்கச்சி, அதாவது மச்சான் சம்சாரம், ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டாள். “அந்த ஸ்கீ கீழ இருக்கிற வரைக்கும் பாப்பா அதுல ஏறமாட்டா.” பாப்பாவுக்கு ஒன்பது வயது. பின் சீட்டில் உட்கார வேண்டும் என்று ஹெல்மெட்டோடு தூங்குகிறவள். தங்கச்சி கோபத்தில் வாக்கியத்தைத் தலைகீழாகச் சொல்லிவிட்டாள் என்றாலும் அர்த்தம் எல்லோருக்கும் விளங்கியது.

கடையில் கேட்டிருக்கிறான். “பின் ஸஸ்பென்ஷனையே மாத்திடலாம். நல்லதா ஒண்ணு போட்டா, வேலையோட சேர்த்து 1,500 டாலர் ஆகும்.” கனடா டாலர்தான். என்றாலும் டாலர். அவனிடம் அந்தப் பணம் இருந்தது. ஆனால் அது அத்தையின் கண் ஆபரேஷனுக்கு என்று எடுத்து வைத்திருந்த பணம். இரண்டு கண்ணிலும் புரை. “அம்மா அடுத்த வருஷம் பண்ணிக்கலாம்னுதான் சொல்றாங்க” என்றான். அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

* * *

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். முப்பது வருடம் நிக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருடைய தாத்தா பின்லாந்திலிருந்து வந்து குடியேறினவர். சட்பரியில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. மச்சான் வீட்டில் அவர் பெயர் ‘ஷெட் தாத்தா’. ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அதில் பாதி ஸ்பேனர் நம்பர்.

அவர் கேட்ட முதல் கேள்வி: “ஸ்கீ தூக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அசட்டுக் கேள்வி மாதிரி இருக்கிறதா? இல்லை. வண்டி திரும்பாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஸ்கீ அந்தரத்தில் நிற்பது. இன்னொன்று, ஸ்கீ தரையில் இருந்தும் பிடிக்காமல் வழுக்குவது. ஸ்கீயின் அடியில் கடினமான கார்பைட் பதித்த ஒரு இரும்புக் கம்பி ஓடும். பனியை அறுத்துப் பிடித்துத் திருப்புவது அதுதான். அது மழுங்கினால், தேய்ந்த செருப்போடு மார்கழி மாசம் பாசி பிடித்த குளத்தில் இறங்குகிற கதை. இதற்கு வைத்தியம் வேறு, அதற்கு வைத்தியம் வேறு.

ஆகவே தங்கச்சி ஏரிக்கரையில் போனோடு நின்று, மச்சான் வளைவில் வந்து த்ராட்டிலை அழுத்துவதை ஸ்லோ மோஷனில் படம் பிடித்தாள். பார்த்தால் இரண்டு வியாதியும் இருந்தது. வளைவுக்குள் நுழையும்போது ஸ்கீ வழுக்குகிறது. வெளியே வரும்போது இரண்டு ஸ்கீயும் ஒரு ஜாண் எழும்புகிறது.

“இப்ப சரி” என்றாராம் தாத்தா. அன்றைய கோட்டா முடிந்தது.

ஏன் எழும்புகிறது? டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிரைவர் சடாரென்று எடுத்தால் கால் பஸ்ஸோடு முன்னே போகிறது, தலை பின்னே சாய்கிறது. காரணம், இழுப்பு காலடியில். உங்கள் எடையின் மையமோ தொப்புள் பக்கம். ஸ்னோமொபைலிலும் அதே. பட்டை பனியைத் தள்ளுவது தரை மட்டத்தில். வண்டியும் ஆளும் சேர்ந்த எடையின் மையம் அதற்கு மேலே. எனவே வேகம் எடுக்கும்போதெல்லாம் மூக்கு மேலே, வால் கீழே.

இங்கேதான் எங்கள் பி.காம். உதவிக்கு வருகிறது. வண்டி 250 கிலோ, ஆள் 75 கிலோ. ஆக 325. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன், சும்மா நிற்கும்போது ஸ்கீ மேல் 110, பட்டை மேல் 215 என்று வைத்துக்கொள்வோம். த்ராட்டிலை அழுத்தினால் ஸ்கீயிடமிருந்து 80 கிலோ பட்டைக்கு மாறுகிறது. இப்போது ஸ்கீயில் 30, பட்டையில் 295. கூட்டிப் பாருங்கள், அதே 325. இன்னும் அழுத்தினால் ஸ்கீயின் 110-ம் மாறி, ஸ்கீ கணக்கு பூஜ்யம். ஸ்கீ ஆகாயத்தில்.

எடை எங்கேயும் காணாமல் போவதில்லை. கணக்கு மாறுகிறது, அவ்வளவுதான். பெறுபவர் பற்று, தருபவர் வரவு. காமர்ஸ் முதல் வருடத்தில் தூங்கிக்கொண்டே எழுதினோமே, அந்த இரட்டைப் பதிவுதான். பட்டைக்கு எடை போவது கெட்டதும் இல்லை. எடை ஏறினால்தான் பட்டை பனியைக் கவ்வும், வண்டி கிளம்பும். ஸ்கீக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும் என்பதுதான் பிரச்னை. ஆக, ‘தூக்கவே கூடாது’ என்று ஆசைப்பட்டால் அது வண்டி இல்லை, ஜமக்காளம்.

* * *

அந்த மிச்சத்தைத் தீர்மானிப்பது பின் ஸஸ்பென்ஷன். பட்டைக்குள்ளே ஒரு சின்ன ஏணி படுத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். ஏணியின் இரண்டு நீளக் கட்டைகள்தான் தண்டவாளம். பட்டை அதன் அடியில் சறுக்கிக்கொண்டு ஓடும். (உரசலுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டி உண்டு. அதைக் குளிர வைப்பது தெறிக்கிற பனிதான். வெறும் கண்ணாடி ஐஸில் ரொம்ப நேரம் ஓட்டினால் சூட்டில் உருகிவிடும். ஐஸ் மேலே ஓடி உருகும் ஒரே வஸ்து!)

இந்த ஏணியை வண்டியின் உடம்போடு இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. முன் கை, பின் கை. ஆளுக்கொரு ஷாக் அப்ஸார்பர், ஸ்ப்ரிங். த்ராட்டிலை அழுத்தினால் பின் கை மடங்குகிறது, வால் உட்காருகிறது. முன் கை விரிகிறது, மூக்கை மேலே தள்ளுகிறது. முன் கை ஒரு அளவுக்கு மேல் விரியாமல் இழுத்துப் பிடிக்க ஒரு வார் உண்டு. நம் இடுப்பு பெல்ட் மாதிரியே வரிசையாக ஓட்டைகள்.

சில்லறைச் செலவில் செய்யக்கூடியதெல்லாம் இந்த ஐந்தாறு இடங்களில்தான் இருக்கிறது. தாத்தா சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

முதலில் தேய்மானம். கைகள் அசையும் இடங்களில் உள்ள புஷ் தேய்ந்து லொடலொடத்தால் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் நிற்காது. ஷாக் அப்ஸார்பரில் எண்ணெய் கசிகிறதா பார்க்க வேண்டும். கசிந்தால் சில வகைகளைப் பிரித்துச் சரி செய்யலாம், புதுசு வேண்டாம். ஆனால் உள்ளே நைட்ரஜன் அடைத்த வகை என்றால் கடைக்காரரிடம்தான் போக வேண்டும். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது, வெடித்தால் பல் போகும்.

இரண்டாவது, பின் கையின் முறுக்கு ஸ்ப்ரிங். (தின்கிற முறுக்கே தேவலை, அதே சுற்றுதான்.) பின்னால் பம்பரைப் பிடித்து முழுசாகத் தூக்கி உயரத்தை அளக்க வேண்டும். பிறகு ஆள் ஏறி உட்கார்ந்து அளக்க வேண்டும். மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் சரி. மச்சான் உட்கார்ந்தபோது பாதிக்கு மேல் இறங்கியது. அதாவது வண்டி கிளம்புவதற்கு முன்பே வால் உட்கார்ந்து, மூக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. முறுக்கு ஸ்ப்ரிங்கின் நுனி ஒரு மூன்று படி வளையத்தின் மேல் நிற்கும். ஒரு படி ஏற்றினால் ஸ்ப்ரிங் விறைக்கும். செலவு பூஜ்யம். ஆனால் அது நிறைய விசையை அடக்கி வைத்திருக்கிற ஆசாமி. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, இன்ஜினை நிறுத்தி, அதற்கான ஸ்பேனரால் மட்டும் திருப்ப வேண்டும். விரலால் அல்ல.

(உங்கள் பைக்கிலும் பின் ஷாக் அப்ஸார்பரில் இப்படி ஒரு படிக்கட்டு வளையம் இருக்கலாம். பலருக்கு அது வண்டி வாங்கின நாளில் இருந்த படியிலேயே இருக்கும். சம்சாரமும் பையனும் சேர்ந்து ஏறின பிறகும் அதே படியில். போய்ப் பாருங்கள்.)

மூன்றாவது, முன் கையின் ஸ்ப்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்துவது. மூக்கைத் தூக்கித் தள்ளுகிறவரே அவர்தான். இரண்டு சுற்று தளர்த்தினால் மூக்கு இறங்கும், ஸ்கீக்கு எடை வரும். ரொம்பத் தளர்த்தினால் பள்ளத்தில் விழும்போது இடுப்பு கேட்கும்.

நாலாவது, அந்த வார். ஒரு ஓட்டை இறுக்கினால் முன் கை விரிகிற அளவு குறையும். மூக்கு எழ வேண்டுமென்றால் ஏணியின் முன் பக்கத்தையும், அதைச் சுற்றின பட்டையையும் சேர்த்துத் தூக்கியாக வேண்டும். அவ்வளவு பாரத்தை இழுத்துக்கொண்டு எழுவது கஷ்டம். எனவே மூக்கு அடங்கும். வாரைத் தொட்டால் பட்டையின் டென்ஷன் மாறும், அதையும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, பின் கைக்குப் பக்கத்தில் சில மாடல்களில் இருக்கும் சின்ன முட்டுக்கட்டை. அதைத் திருப்பி வைத்தால் பின் கை கொஞ்சம் மடங்கியதுமே முன் கையையும் கூட இழுத்துக்கொண்டு மடங்கும். வால் மட்டும் தனியாக உட்கார முடியாது. மாமியார் எழுந்தால் மருமகளும் எழுகிற ஏற்பாடு.

ஆறாவதாக ஒன்று உண்டு. முன் கை உடம்போடு சேரும் இடத்தையே மாற்றி, அலுமினியத்தில் புது ஓட்டை போடுவது. கைதேர்ந்தவர்கள் செய்வார்கள். மச்சான் டிரில்லிங் மெஷினோடு நின்றபோது தாத்தா ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார்.

“போல்ட்டைத் திருப்பினா திரும்ப வைக்கலாம். ஓட்டையைத் திரும்ப வைக்க முடியாது.”

* * *

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு நம்ம ஆள் என்ன செய்தான் தெரியுமா? ஒரே சனிக்கிழமையில் எல்லாவற்றையும் செய்தான். முறுக்கு ஸ்ப்ரிங் ஒரு படி, முன் ஸ்ப்ரிங் நாலு சுற்று, வார் இரண்டு ஓட்டை, முட்டுக்கட்டை ஒரு திருப்பு. புஷ்ஷும் கார்பைடும் புதுசு. ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்குப் போனான்.

ஸ்கீ தூக்கவில்லை. வாஸ்தவம். ஸ்கீ தரையை விட மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஹேண்டில்பாரைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும் போல இருந்தது. சாதாரணத் தடத்திலேயே ஸ்கீ இடதும் வலதும் மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடியது. வளைவு வந்தது. ஸ்கீ பிடித்தது. பட்டை பிடிக்கவில்லை. வால் வீசி, வண்டி குறுக்காகப் போய்ப் பனிக்குவியலில் நின்றது. அடி ஒன்றும் இல்லை. பஞ்சு மாதிரி பனி. ஆனால் அங்கிருந்து வெளியே வர அழுத்தினால், பட்டை நின்ற இடத்திலேயே குழி தோண்டிக்கொண்டு கீழே போயிற்று. தாத்தா தன் வண்டியில் கயிறு கட்டி இழுத்தார்.

இழுத்துவிட்டுக் கேட்டார். “நாலுல எது அதிகம்?”

மச்சானுக்குப் பதில் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஒரே வவுச்சரில் நாலு என்ட்ரி. ஆபீஸில் வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் இவனே கூப்பிட்டுக் காய்ச்சியிருப்பான். போன்தவிர வேறு யாரிடமும் சொல்லாத இந்தத் துக்கத்தை என்னிடம் சொல்லும்போது, “மாப்ளே, நான் அக்கவுன்டன்ட்டுன்னு தாத்தாகிட்ட இனிமே சொல்லிக்க முடியாதுடா” என்றான்.

திங்கட்கிழமை ராத்திரி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினான். இடது பக்கம் என்ன மாற்றினோம். வலது பக்கம் என்ன ஆயிற்று. ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். அதே வளைவு, அதே இடத்தில் த்ராட்டில், அதே இடத்தில் தங்கச்சியும் போனும்.

நோட்டிலிருந்து அவன் படித்துக் காட்டியது:

புது கார்பைட் மட்டும்: நுழையும்போது வழுக்குவது நின்றது. தூக்குவது அப்படியே.

முறுக்கு ஸ்ப்ரிங் இரண்டாம் படி: உட்கார்ந்தபோது இறக்கம் சரியானது. தூக்குவது பாதியாகக் குறைந்தது.

முன் ஸ்ப்ரிங் இரண்டு சுற்று தளர்ச்சி: இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஹேண்டில்பார் சற்றே கனம். பரவாயில்லை.

வார் ஒரு ஓட்டை: ஸ்கீ நாலு விரல் உயரம் மட்டும் எழுந்து உடனே இறங்கியது.

வார் இரண்டு ஓட்டை: ஸ்கீ எழவில்லை. ஆழமான பனியில் சிக்கிக்கொண்டது. மறுபடி ஒரு ஓட்டைக்குத் திரும்பினான்.

முட்டுக்கட்டை: தொடவில்லை. தேவைப்படவில்லை.

கடைசியில் ஒரு வரி. “முன்னால் தள்ளி உட்கார்ந்து, குனிந்து ஓட்டினேன். ஒரு ஓட்டை இறுக்கின பலன்.” 75 கிலோ ஆசாமி நாலு அங்குலம் முன்னே நகர்ந்தால் அதுவும் ஒரு என்ட்ரிதானே. மாட்டு வண்டி மூட்டை மாதிரி.

செலவு: கார்பைட் கம்பி ஒரு ஜோடி 85 டாலர். புஷ் 45. பழசு இழுபட்டுப் போனதால் புது வார் 25. கிரீஸ் 10. நோட்டு 2. ஆக மொத்தம் 167. கடைக்காரர் சொன்னதில் ஒன்பதில் ஒரு பங்கு. தாத்தாவுக்குப் பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்வார் என்று தங்கச்சி சாம்பார் கொடுத்தனுப்பினாள். சூப் என்று நினைத்துக் குடித்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, “நல்ல சூப்” என்றாராம். அன்றைக்குக் கோட்டாவில் மிச்சம் இருந்திருக்கிறது.

பாப்பா விஷயம் பாக்கி. பின் சீட்டில் ஒரு ஆள் ஏறினால் பின்பாரம் கூடும். ஒன்பது வயதுப் பாப்பாவும் ஒரு கேஸ் சிலிண்டர் எடைதான். எனவே அவளை ஏற்றும்போது முறுக்கு ஸ்ப்ரிங் மூன்றாம் படிக்குப் போகிறது. இறக்கினால் இரண்டாம் படி. நோட்டில் பாப்பாவே எழுதியிருக்கிறாள்: “நான் = 1 படி.” கொட்டாவி விடுகிற வேகத்தில் ஏரியை ஒரு சுற்று சுற்றினார்கள். தங்கச்சி கரையில் நின்று போனைப் பார்க்காமல் ஸ்கீயையே பார்த்துக்கொண்டிருந்ததில், அந்த சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த படம் முழுக்க ஆகாயம்தான் விழுந்திருக்கிறது. இரண்டாவது சுற்றில்தான் ஒழுங்காக எடுத்தாள்.

அந்த 1,500 டாலர் ஊருக்கு வந்தது. அத்தைக்கு ஒரு கண் போன மாதம், இன்னொன்று இந்த மாதம். கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி எடுத்த அன்றைக்குப் பேத்தி பனியில் போகிற வீடியோவை நான்தான் போனில் போட்டுக் காட்டினேன். தூரத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒரே கவலை.

“ஏம்ப்பா, எல்லாம் பளிச்சுனு தெரியுது. ஆனா அந்த வண்டிக்குச் சக்கரத்தையே காணோமே. டாக்டரை இன்னொரு தடவை பார்த்துடலாமா?”